போர் தண்ணீரில் என்னென்ன உப்பு? நான்கு டைட்ரேஷனில் கண்டுபிடிக்கும் வழி

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைப் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் முக்கினால், லிட்டருக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கில், 1,200 என்று ஓர் எண் வரும். மீட்டர் உண்மையில் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை 0.5 அல்லது 0.7 போன்ற ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. காரணி மாறினால் அதே டம்ளர் தண்ணீர் ஒரு மீட்டரில் 1,200 என்றும் இன்னொன்றில் 860 என்றும் வரும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் உள்ள போரும், பல்லாவரத்தில் பாறையைத் துளைத்த போரும், செப்டிக் டேங்குக்கு அருகில் போட்ட போரும் ஒரே 1,200 காட்டலாம். முதலாவதில் கடல் கலந்திருக்கிறது, இரண்டாவதில் பாறை கரைந்திருக்கிறது, மூன்றாவதில் கழிவுநீர் கசிந்திருக்கிறது. செய்ய வேண்டிய வேலை மூன்றுக்கும் வேறு வேறு. கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு நான்கு அளவுகள் போதும்: மொத்தக் கடினத்தன்மை (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது), கால்சியம், காரத்தன்மை (பெரும்பாலும் பைகார்பனேட்), குளோரைடு. நான்கையும் டைட்ரேஷனில், அதாவது வலு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் வரை எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து, அளக்கலாம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலோ வசதியுள்ள மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்திலோ ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். வீட்டுச் சமையலறையில் செய்யக்கூடாது. இதில் வரும் அம்மோனியாவுக்கும் குரோமேட்டுக்கும் காற்றோட்டமும் கையுறையும் மேற்பார்வையும் வேண்டும்.

தண்ணீர் பிடிப்பது

தவறுகளில் பாதி ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சென்னையில் பெரும்பாலான ஃபிளாட்களில் சம்ப்பில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் கலந்துதான் கிடக்கும். குழாயில் பிடித்த தண்ணீரைச் சோதித்துவிட்டு "எங்கள் நிலத்தடி நீர் இப்படி" என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. போர் மோட்டாரிலிருந்து வரும் குழாயில், சம்ப்புக்குள் விழும் முன் பிடியுங்கள். அதற்கு முன் மோட்டாரைக் குறைந்தது 10 நிமிடம் ஓட விடுங்கள், குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் வெளியேறட்டும். சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால் அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கடினத்தன்மை பூஜ்யத்துக்கு இறங்கும், டிடிஎஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். "சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லை" என்ற புகாருக்கும் இதுதான் காரணம். சாஃப்ட்னரில் கோளாறு எதுவும் இல்லை.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று தங்காமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். மூடியில் தேதி, நேரம், போரின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சோதிப்பது நல்லது. காத்திருந்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பாட்டிலின் உள்சுவரில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படியும். படிந்த கால்சியம் உங்கள் கணக்கில் வராது. சோதிக்கும் முன் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் நிறமாற்றம் மந்தமாகும்.

மோட்டாரிலிருந்து விழும்போது கண்ணாடி போல் இருக்கும் தண்ணீர், வாளியில் அரை மணி நேரம் நின்றதும் மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகி, அடியில் துருப்பொடியாக இறங்கினால் அதில் இரும்பு இருக்கிறது. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாமல் கரைந்தே கிடந்த ஃபெரஸ் இரும்பு, காற்றுப் பட்டதும் ஃபெரிக் ஆகிக் கரையாமல் போகிறது. இதைக் கண்டால் குறித்து வையுங்கள், டைட்ரேஷனில் தேவைப்படும்.

கரைசல்கள்

பாரிமுனை, பூக்கடைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் வாங்கும்போது ஏஆர் தரம் (பகுப்பாய்வுக்கு ஏற்ற தூய்மை) என்று கேட்டு வாங்குங்கள். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ டைசோடியம் உப்பு 0.931 கிராம் எடுத்து 250 மில்லிக்குக் கரைத்தால் 0.01 மோலார். தரக் கால்சியம் கரைசலுக்கு, உலர்த்திய கால்சியம் கார்பனேட் 0.250 கிராமைக் கூம்புக் குடுவையில் போட்டு, பாதிக்குப் பாதி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை அடங்கி முழுதும் கரைந்ததும் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்து வாயுவை வெளியேற்றுங்கள். ஆறியதும் அம்மோனியாவால் அமிலத்தைச் சரிக்கட்டி, 250 மில்லி அளவுக் குடுவைக்கு அலசி மாற்றி, குறிவரை நிரப்புங்கள். இதில் 1 மில்லியில் 1 மி.கி. கால்சியம் கார்பனேட் இருக்கும்.

பிஹெச்சை 10இல் நிலையாக வைத்திருக்கும் பஃபருக்கு அம்மோனியம் குளோரைடு 6.75 கிராமை 57 மில்லி அடர் அம்மோனியாவில் கரைத்து, 0.472 கிராம் இடிடிஏ டைசோடியம் உப்பையும் 0.312 கிராம் மக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட்டையும் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, 100 மில்லி ஆக்குங்கள். அடர் அம்மோனியா பாட்டிலை மே மாத வெயிலில் எடுத்து வந்து அப்படியே திறக்காதீர்கள். உள்ளே வாயு அழுத்தம் ஏறியிருக்கும், முகத்தில் பீறிடும். ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, ஆய்வகத்தின் புகைக்கூண்டுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் பெட்டி) திறக்க வேண்டும்.

எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியைக் கரைசலாக வைத்தால் சில வாரங்களில் செத்துவிடும். 0.5 கிராமை 100 கிராம் சோடியம் குளோரைடுடன் கல்வத்தில் அரைத்துப் பொடியாக வைத்துக்கொண்டால் நாள்பட உழைக்கும். மியூரெக்ஸைடு நிறங்காட்டியும் அப்படித்தான்: 0.2 கிராமுக்கு 100 கிராம் உப்பு. சில்வர் நைட்ரேட் 0.599 கிராமை 250 மில்லிக்குக் கரைத்துப் பழுப்புப் பாட்டிலில் ஊற்றி இருட்டில் வையுங்கள், அது 0.0141 நார்மல். விலை கூடியது, கையில் பட்டால் கறுத்துப் பல நாள் போகாது. இவற்றோடு 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட், 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம், மெத்தில் ஆரஞ்சு.

நீர்க்க எடுக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீர் ஆகாது. அதில் குளோரைடும் கொஞ்சம் கடினத்தன்மையும் மிச்சம் இருக்கும். பேட்டரி தண்ணீர் வாங்கினால் முதலில் அதையே மாதிரியாக வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்து பாருங்கள். இடிடிஏ இரண்டு துளிக்கு மேல் குடித்தால் வேறு தண்ணீர் தேடுங்கள்.

கடினத்தன்மை

முதலில் இடிடிஏவின் வலுவைச் சரிபாருங்கள். தரக் கால்சியம் கரைசல் 20 மில்லி எடுத்து, கீழே சொல்லும் அதே முறையில் செய்தால் ஏறக்குறைய 20 மில்லி இடிடிஏ செலவாக வேண்டும். 19.8 மில்லி ஆனால் 1 மில்லி இடிடிஏ 1.01 மி.கி.க்குச் சமம் என்று எழுதி வையுங்கள்.

மாதிரி நீர் 25 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, கூம்புக் குடுவையில் 50 மில்லிக்கு நீர்க்கவும். பஃபர் 1 முதல் 2 மில்லி, நிறங்காட்டிப் பொடி ஒரு சிட்டிகை. தண்ணீர் பீட்ரூட் சாறு விட்டதுபோல் ஒயின் சிவப்பாகும். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைத்து, பியூரெட்டிலிருந்து இடிடிஏவை விடுங்கள். சிவப்பு மங்கி ஊதாவாகும் வரை வேகமாக விடலாம். ஊதா வந்ததும் நிதானம் வேண்டும்: ஒரு துளி, மூன்று முதல் ஐந்து வினாடி சுழற்றல், அடுத்த துளி. நிறங்காட்டி கடைசியாகப் பிடித்து வைத்திருக்கும் மக்னீசியத்தை இடிடிஏ மெதுவாகத்தான் பிடுங்கும். சிவப்புச் சாயல் சுத்தமாக மறைந்து சங்குப்பூ நீலம் நின்றால் அதுதான் முடிவு. ஊதாவிலேயே நிறுத்திவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, 0.3 மில்லி போனாலும் லிட்டருக்கு 12 மி.கி. குறைந்து வரும்.

பஃபர் விட்டதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிஹெச் 10இல் கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும். நீலமானது சற்று நேரத்தில் மீண்டும் சிவந்தால் படிவு நடந்து, இப்போது மெல்லக் கரைகிறது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டு, பாதி மாதிரியை எடுத்து அதிகம் நீர்த்துச் செய்யுங்கள். இடிடிஏ 15 மில்லிக்கு மேல் போனாலும் மாதிரியை 10 மில்லியாகக் குறைக்கவும்.

எவ்வளவு விட்டாலும் நீலமே வராமல் அழுக்கு ஊதாவில் நின்றால், பஃபர் பாட்டிலை முகரத் தேவையில்லை, பிஹெச் பார்த்தாலே போதும். பலமுறை திறந்த பஃபரிலிருந்து அம்மோனியா பறந்திருக்கும். பிஹெச் சரியாக இருந்தும் நீலம் வரவில்லை என்றால் இரும்பைச் சந்தேகப்படுங்கள். இரும்பு நிறங்காட்டியோடு ஒட்டிக்கொண்டு இடிடிஏவுக்கு இடம் தராது. வாளியில் துரு இறங்கிய மாதிரிக்குப் பஃபர் விடும் முன்பே 1 மில்லி ட்ரைஎத்தனோலமீன் சேர்த்தால் அது இரும்பைக் கட்டிப்போடும். பழைய கையேடுகள் இந்த இடத்தில் பொட்டாசியம் சயனைடு சொல்லும். அதைத் தொடவே வேண்டாம்.

கால்சியத்தைத் தனியே அளக்க, இன்னொரு 25 மில்லியை 50 மில்லிக்கு நீர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு 2 மில்லி சேர்த்தால் பிஹெச் 12க்கு மேல் போகும். மக்னீசியம் ஹைட்ராக்சைடாக ஒதுங்கிவிடும், கால்சியம் மட்டும் இடிடிஏவிடம் அகப்படும். மியூரெக்ஸைடு போட்டு, இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு. இந்த மாற்றம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. முடிவைத் தாண்டிய ஒரு குடுவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் செய்வதுதான் வழி.

குளோரைடும் காரத்தன்மையும்

மாதிரி 25 மில்லியை 100 மில்லிக்கு நீர்த்து, குரோமேட் 1 மில்லி விட்டு, சில்வர் நைட்ரேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். எலுமிச்சை மஞ்சளுக்குள் வெள்ளை, தயிர் திரிந்தாற்போல் கூடும். துளி விழும் இடத்தில் சிவப்புப் பூத்துக் கலையும். கலையாமல் முழுக் குடுவையும் லேசான செங்கல் சாயலுக்கு மாறும் கணத்தில் நிறுத்த வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் அதே அளவு குரோமேட் விட்டு வெற்றுச் சோதனை செய்தால் 0.2 முதல் 0.3 மில்லி வரும், அதைக் கழிக்கவும். பிஹெச் 7க்கும் 10க்கும் நடுவில் இருக்க வேண்டும். அமிலமாக இருந்தால் குரோமேட் டைகுரோமேட்டாகி சிவப்பு தாமதிக்கும், குளோரைடு கூடுதலாகக் காட்டும். முட்டை அழுகிய வாடை அடிக்கும் தண்ணீரில் சல்ஃபைடு வெள்ளியைக் கறுப்பாக்கும். முதலில் 1 மில்லி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கலக்குங்கள்.

காரத்தன்மைக்கு 50 மில்லி மாதிரி, இரண்டு துளி மெத்தில் ஆரஞ்சு, 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம். மஞ்சளில் முதல் ஆரஞ்சுச் சாயல் தட்டியதும் நிறுத்துங்கள்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. கடினத்தன்மைக்கு 11.6 மில்லி, கால்சியத்துக்கு 4.4 மில்லி இடிடிஏ ஆனது என்று வைப்போம். 11.6 × 1.01 × 1000 ÷ 25 = 469. கால்சியக் கடினத்தன்மை 178. மீதி 291 மக்னீசியத்தினுடையது. மூன்றும் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு மி.கி. தனிமக் கணக்கு வேண்டுமென்றால் கால்சியத்துக்கு 0.4ஆலும் மக்னீசியத்துக்கு 0.243ஆலும் பெருக்குங்கள்: இரண்டுமே சுமார் 71 மி.கி.

சில்வர் நைட்ரேட் 22.1, வெற்றுச் சோதனை 0.2 என்றால் 21.9 × 0.0141 × 35,450 ÷ 25 = 438 மி.கி. குளோரைடு. அமிலம் 14.5 மில்லி என்றால் காரத்தன்மை 14.5 × 0.02 × 50,000 ÷ 50 = 290.

எண்கள் என்ன சொல்கின்றன

குளோரைடை 35.45ஆலும் காரத்தன்மையை 50ஆலும் வகுத்தால் இரண்டும் மில்லிஈக்குவலன்ட் (நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய ஒரே அலகு) ஆகிவிடும்: 12.4, 5.8. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.1. மழை மண்ணுக்குள் இறங்கிச் சேர்ந்த நல்ல நிலத்தடி நீரில் பைகார்பனேட் மேலோங்கி, இந்த விகிதம் 0.5க்குள் இருக்கும். 1.3 வரை லேசான கலப்பு, 2.8 வரை நடுத்தரம், அதற்கு மேல் போகப்போகக் கடல் கைவைத்துவிட்டது என்று நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள்.

கடல் எவ்வளவு? கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. அக்கம்பக்கத்து நல்ல கிணற்றில் 80 இருக்கிறது என்றால், கூடுதலான 358ஐ 19,000ஆல் வகுக்க 1.9 சதவீதம் வரும். இவ்வளவு சிறு கலப்பே தண்ணீரைக் கெடுத்துவிடுகிறது. ஆனால் அவசரப்படாமல் மக்னீசியத்தையும் கேளுங்கள். கடல்நீரில் மக்னீசியம் சுமார் 1,290 மி.கி., கால்சியம் 410. 1.9 சதவீதக் கடல் கொண்டுவரும் மக்னீசியம் 25 மி.கி. தான். நம் மாதிரியில் 71 இருக்கிறது. மீதி வேறெங்கோ இருந்து வந்திருக்கிறது.

இங்கேதான் சென்னையின் பாறை வருகிறது. பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னோகைட் என்ற பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறை என்பதால், புவியியலாளர் டி. எச். ஹாலண்ட் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். இதில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த சிலிக்கேட். அது சிதையும் இடத்தில் மக்னீசியம் ஏறும், வாளியில் துருவும் இறங்கும், குளோரைடு மட்டும் பெரிதாக ஏறாது. அதனால் மக்னீசியம் கூடி குளோரைடு குறைவாக இருந்தால் பாறையைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் கடலைப் பாருங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு: கடல்நீர் முதன்முதலாக நுழையும்போது அதன் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருந்த கால்சியத்தைப் பெயர்த்துவிடும், சில காலம் கால்சியமே அதிகமாகத் தெரியும். ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

குளோரைடு கூடியிருக்கிறது, மக்னீசியம் அசையவில்லை என்றால் கழிவுநீரைச் சந்தேகித்து நைட்ரேட் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500இல் நைட்ரேட்டின் எல்லை 45 மி.கி., தளர்வே கிடையாது. செப்டிக் டேங்குக்கு மிக அருகே ஆக்சிஜன் இல்லாத மண்ணில் நைட்ரேட் இருக்காது, அம்மோனியா இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். அங்கே ஆர்ஓ வாங்குவதற்கு முன் டேங்கைச் சரிசெய்யுங்கள்.

கடல் என்று உறுதியானால் செய்ய வேண்டியது இறைப்பதைக் குறைப்பதுதான். நன்னீர் இலேசானது, உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் தாங்கும். அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் 40 மீட்டர் கீழே இருந்த உப்பு மேலே ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் அதிகமாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்த வரலாறு இருக்கிறது. போரை இன்னும் ஆழப்படுத்துவது நோயை வளர்ப்பது. மொட்டைமாடி மழைநீரை வடிகட்டிக் கிணற்றில் இறக்குவது மருந்து. 2003 முதல் தமிழகக் கட்டடங்களில் கட்டாயமும்கூட.

இதே எண்கள் வேறு மேசைகளுக்கும் போகின்றன. குடிநீருக்குக் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை. குளோரைடு 250, 1,000. நம் மாதிரி நடுவில் நிற்கிறது. கட்டடப் பொறியாளரின் எல்லை வேறு: கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 படி கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு 500 மி.கி.க்கு மேல் போகக்கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை. குளோரைடு கம்பியின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைத்துத் துருவை உள்ளிருந்து வளர்க்கும். 438 இன்றைக்குத் தேறுகிறது; ஜனவரியில் பிடித்த தண்ணீராக இருந்தால் மே மாதம் மறுபடி பார்க்காமல் அந்தப் போரை நம்பிக் கான்கிரீட் போடாதீர்கள். சமையலறையில் பருப்பு வேகாததற்கும் கால்சியம்தான் காரணம், பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினை அது இறுக்கிவிடுகிறது.

முடிவைச் சட்டப்படி எங்காவது காட்ட வேண்டுமென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சான்று வாங்குங்கள். கிருமிச் சோதனையும் அங்கேதான். டைட்ரேஷன் கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது.

குளோரைடு குடுவைகளில் மிஞ்சிய குரோமேட்டையும் வெள்ளியையும் சிங்க்கில் கொட்டாதீர்கள். குரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. தனிப் பாட்டிலில் சேர்த்து, பெயர் ஒட்டி, கல்லூரி ஆய்வகத்தின் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் கோடை உச்சமான மே மாதத்திலும், அதே குழாயில், மோட்டார் அதே 10 நிமிடம் ஓடிய பின் பிடித்து, நான்கு எண்களையும் ஒரே நோட்டில் வரிசையாக எழுதுங்கள். குளோரைடு மே மாதம் ஏறி ஜனவரியில் இறங்கினால் மழைநீர் இன்னும் உப்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஜனவரி எண்ணே ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போய், இறைக்கும் நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டிய வேளை வந்துவிட்டது.